பின் டிரம் பிரேக்கில் ஆயில் கசிவு: அறிகுறி பார்த்து வீல் சிலிண்டர் மாற்றுவது வரை

பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை, வெயிலில் ஆவியாகிப் போவதும் இல்லை. எஞ்சின் அறையிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் அதற்கு இரண்டே வழிதான். முன் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் தகடு) தேய்ந்து அந்த அளவுக்கு ஆயில் காலிப்பருக்குள் (பேட்டைத் தள்ளும் பாகம்) இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ கசிந்து வெளியே போயிருக்க வேண்டும். கசிவு என்றால் பழைய சிறு கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரைத்தான். பெடலை மிதித்ததும் பிரேக் ஷூக்களை டிரம்மின் உள்சுவரோடு அழுத்துவது அதுதான். வீட்டிலும் தெரிந்தவர்களிடமும் இருக்கும் ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ வகைக் கார்களில் இதே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதுவரை செய்து வந்தது ஒன்றுதான்: குறைந்தால் ஊற்றிக்கொள்வது. அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஊற்றுகிற ஆயில் அத்தனையும் ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கை நனைக்கத்தான் போகிறது.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள, முன் சக்கரம் இழுக்கும் சிறு கார்களை வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற வண்டிகளுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு. பெடல் தரை வரை போகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் அந்த வண்டியை மெக்கானிக் கடை வரைகூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோ வண்டி வையுங்கள்.

## அறிகுறி 1: டப்பாவில் ஆயில் குறைகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது

ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா? பல கார்களில் ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயில் அளவுக்கும் ஒரே விளக்குதான். லிவரை நன்றாகக் கீழே அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்து, டப்பாவிலும் அளவு சரியாக இருந்தால் லிவர் ஸ்விட்சை மட்டும் பார்த்தால் போதும்.

முன் பேட் தேய்ந்திருக்கிறதா? பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் அளவு தானாக மேலே வரும். அதனால் பேட்டைப் பார்க்காமல் மேல்கோடு வரை ஊற்றி வைக்காதீர்கள். பிறகு பேட் மாற்றும் நாளில் வழிந்து எஞ்சின் அறைப் பெயின்ட்டை உரித்துவிடும்.

ஒரு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி இறங்குகிறதா? அப்படியானால் கசிவுதான். டப்பாவின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, இன்றைய அளவைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். சமதளத்தில், எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்: நான்கு சக்கரங்களின் உள்பக்கம், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ், காருக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய், கடைசியாக மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம்). மாஸ்டர் சிலிண்டரும், மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தாலோ, கீழே பெயின்ட் உரிந்து தொங்கினாலோ ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. சில கார்களில் கிளச்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கிளச் பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்தாலும், மாஸ்டர் சிலிண்டர் கசிந்தாலும் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. மெக்கானிக்கிடம் விடுங்கள். குழாயைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பிரேக் குழாயை மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது.

## அறிகுறி 2: பின் டயரின் உள்பக்கம் ஈரம், பேக் பிளேட்டின் (டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடு) அடியில் சொட்டு

முதலில் அது என்ன ஈரம் என்று தெரிய வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வழவழப்பில்லாமல் கரைந்து போகிறதா? அது பிரேக் ஆயில். தண்ணீரில் கரையாமல், கந்தக நாற்றத்தோடு கருப்பாக இருக்கிறதா? அது கியர் ஆயில். பின் சக்கரம் இழுக்கும் ஆம்னி, பொலேரோ, பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில்தான் இப்படி வரும். அங்கே கோளாறு ஆக்சில் சீலில். சிலிண்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை. ஆல்டோ வகைக் கார்களில் பின்னால் கியர் ஆயிலே கிடையாது. அங்கே கெட்டியான வழவழப்பைப் பார்த்தால் அது பேரிங் கிரீஸ்.

பிரேக் ஆயில்தான் என்று உறுதியானால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். வெளியே சொட்டுத் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டதென்றால் உள்ளே ஷூ ஏற்கெனவே நனைந்திருக்கும்.

டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் பூட் இருக்கும். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அதன் விளிம்பை மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. விரலில் ஒட்டும் அளவுக்கு லேசான வியர்வை மட்டும் இருந்தால் நாள் குறித்து வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். தூக்கியதும் ஆயில் வழிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பெடலை யாரையாவது மெல்ல மிதிக்கச் சொல்லிப் பார்க்கலாமே என்று தோன்றும். டிரம் வெளியே இருக்கும்போது பெடலைத் தொடவே கூடாது. பிஸ்டன் வெளியே தெறித்து விழும்.

சிலிண்டர் கெடுவதற்கு நம் ஊரில் நான் பார்த்த காரணங்கள் மூன்று. பல வருடம் பிரேக் ஆயிலே மாற்றாமல் ஓட்டுவது முதலாவது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்த நீர் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். பிஸ்டன் நகரும்போது அந்தத் துரு, ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் கப்பை அறுக்கும். மழை வெள்ளத்தில் சக்கரம் மூழ்கிய வண்டி இரண்டாவது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீருக்குள் நின்ற கார்களைப் போன்றவை. மூன்றாவது, கடலோரத்தில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டி. இதில் எது உங்கள் கதையானாலும் ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கமும் அதே வயதுதான், அதே நிலைதான். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 3: பெடல் ஆழமாகப் போகிறது அல்லது பஞ்சு போல் இருக்கிறது

இதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்கும் விதம் இது.

முதல் மிதியில் ஆழம், உடனே இரண்டாவது மிதியில் உயர்ந்து கெட்டியாகிறது. பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கிறது. அந்த இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரைச் சரிசெய்தால் போதும், பெரிய செலவில்லை.

எத்தனை முறை மிதித்தாலும் அடியில் ஒரு மென்மை இருந்துகொண்டே இருக்கிறது. குழாயில் காற்று இருக்கிறது. ஆனால் மூடிய குழாய்க்குள் காற்று தானாக நுழையாது. அண்மையில் யாரும் பிரேக்கைத் திறக்கவில்லை என்றால், டப்பா காலியானதாலோ கசிவாலோதான் அது வந்திருக்க முடியும். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுத்துவிட்டு வண்டியைத் தருவது வேலையே அல்ல.

எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அளவு குறைந்து சக்கரம் ஈரமாகவும் இருந்தால் வீல் சிலிண்டர். ஒரு சொட்டும் வெளியே இல்லை, டப்பாவிலும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விட்டுவிட்டது. இது மெக்கானிக் வேலை.

இன்னொன்று. இந்த வகைக் கார்களில் பிரேக் இரண்டு தனிச் சுற்றுகளாக, பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும்: இடது பின் சக்கரம் வலது முன் சக்கரத்தோடு ஒரு சுற்று. பின் சிலிண்டர் ஒன்று முழுதாக விட்டால் கூடவே ஒரு முன் பிரேக்கும் போய்விடும். ‘பின்னால்தானே, முன் பிரேக் இருக்கிறதே’ என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு சுற்று போனபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் எக்கச்சக்கமாகக் கூடும். வால்பாறை மலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.

## அறிகுறி 4: பின் சக்கரம் டக்கென்று பூட்டிக்கொள்கிறது, கீச்சிடுகிறது, சூடாகிறது

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்று, அடுத்து முன் காலிப்பர். பின் டிரம்மால் வரும் இழுப்பு லேசாகத்தான் இருக்கும்.

மழையில் மெதுவாகப் பிரேக் போட்டாலும் ஒரு பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வால் நழுவுகிறது என்றால் அந்தப் பக்க ஷூ நனைந்திருக்கலாம். நனைந்த லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் கடித்துப் பிடிக்கும். எந்த நேரம் எது என்று சொல்ல முடியாது. சாண்ட் பேப்பர் தேய்ப்பது, பெட்ரோலில் கழுவுவது, அடுப்பில் காட்டுவது எல்லாம் கடைகளில் நடக்கிறது. லைனிங்குக்குள் ஊறிய ஆயில் டிரம் சூடானதும் மறுபடி மேலே வரும். நனைந்த ஷூவைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் புது செட் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் சமமாகப் பிடிக்காது.

கொஞ்ச தூரம் ஓட்டிய பின் இரண்டு பின் டிரம்மிலும் கையை அருகில் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பவில்லை, அல்லது வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கிறது. கேபிளின் பின் முனையைக் கழற்றியதும் சக்கரம் சுலபமாகச் சுற்றினால் கேபிள். அப்போதும் இறுகியே இருந்தால் சிலிண்டர். சிக்கிய சிலிண்டர் இன்றைக்குக் கசியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி 5: ஹேண்ட் பிரேக் சரிவில் நிற்கவில்லை

கேபிள் தளர்வு, ஷூ தேய்மானம், நனைந்த ஷூ என்ற வரிசையில் பாருங்கள். கேபிளை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நனைந்த ஷூவை வைத்துக்கொண்டு கேபிளை இறுக்கிக்கொண்டே போனால், சிலிண்டர் மாற்றும் நாளில் டிரம் கழலாமல் உயிரை வாங்கும். உள்ளே பார்த்துவிட்டுக் கேபிளைத் தொடுங்கள்.

## மாற்ற முடிவுசெய்தால்: ஸ்பேனரை எடுக்கும் முன்

வாங்க வேண்டியவை: இரண்டு வீல் சிலிண்டர், தேவைப்பட்டால் பிரேக் ஷூ செட், சீல் பிரிக்காத பிரேக் ஆயில், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, நிப்பிளில் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சிலிண்டர் ஆணி) செருக, உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ் ஒரு மீட்டர்.

ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கிட் மலிவுதான். உள்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் கிட் வேலை செய்யும். நகம் தட்டுப்படும் அளவுக்கு ஒரு புள்ளி துரு இருந்தாலும் புது ரப்பரும் சீக்கிரமே அறுந்துவிடும். சிறு கார்களுக்கு முழுச் சிலிண்டரே சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டாம், முழுதாகவே மாற்றுங்கள் என்பதுதான் என் முடிவு.

கடையில் மாடல், வருடம் சொல்லி வாங்கினாலும் பழையதை எடுத்துப்போய் ஒப்பிட முடிந்தால் நல்லது. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள் விட்டம் மாறலாம். 15.87, 17.46, 19.05 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள், பெரும்பாலும் உடம்பிலேயே வார்த்திருக்கும். விட்டம் மாறினால் பின் பிரேக்கின் பலமும் மாறிவிடும். சென்னையில் புதிய பாகத்துக்கு ஜி.பி. ரோடு கடைகள் இருக்கின்றன. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி வாங்கலாம். பழைய வீல் சிலிண்டரை வாங்காதீர்கள்.

ஆயில் வகை டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, மற்ற இரண்டோடும் சேராது. போன வருடம் பாதி ஊற்றி மூடி வைத்த பாட்டில் வேண்டாம். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துப் பாழாகிவிடும்.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி: இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். இவற்றிலும் சிலிண்டர் மாற்றலாம். டப்பா காலியாகிக் காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போய்விட்டால் சில வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது.

முதல் சோதனை, எல்லாவற்றுக்கும் முன்: டிரம்மைக் கழற்றும் முன்பே பேக் பிளேட்டின் பின்பக்கம் பிரேக் குழாய் நட் இளகுமா என்று பாருங்கள். இந்த வேலை பாதியில் நிற்பதென்றால் பெரும்பாலும் இந்த நட்டால்தான் நிற்கும். முந்தின நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டி, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். காலையில் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் போடுங்கள், பெரும்பாலும் 10 எண். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடிப்பதால் மூலையை வழித்துவிடும். கால் சுற்று இளகினால் மறுபடி மூடிவிட்டு மற்ற வேலையைத் தொடங்கலாம்.

நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் திருகினால் குழாய் ஒடியும். தீ வைத்துச் சூடாக்கவே கூடாது, பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். இந்த இடத்தில் வண்டியை மூடிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். இதுவரை நீங்கள் எதையும் திறக்கவில்லை, பிரேக் முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறது. இந்தச் சோதனையை முதலில் வைத்ததே அதற்காகத்தான்.

## மாற்றும் வேலை

சமதளமான கெட்டித் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கத்தான் வேண்டும் என்பதால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் விடுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது, அவை சொல்லாமல் நொறுங்கும்.

டிரம். கழற்றும் முன், கீழே ‘சிலிண்டர்’ பத்தியில் சொல்லியிருக்கும் பெடல் முட்டுக் கட்டையை வைத்துவிடுங்கள். சில கார்களில் வீல் ஸ்டட்டைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும், ஸ்க்ரூவை எடுத்தால் வந்துவிடும். ஆல்டோ போன்றவற்றில் நடுத் தொப்பிக்குள் பெரிய நட் இருக்கும், டிரம் பேரிங்கோடு சேர்ந்து வரும். அந்த நட்டின் விளிம்பைத் தட்டி மடக்கியிருந்தால் புது நட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அந்த ரெஞ்ச் இல்லையென்றால் நட்டைத் தொடாதீர்கள். பேரிங் போனால் சக்கரமே போகும்.

டிரம் வரவில்லையா? ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா, கேபிள் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பேக் பிளேட்டில் ரப்பர் மூடியுள்ள துளை இருந்தால் அதன் வழியே அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்புங்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரப்பு இருக்கும். ஷூ அதில் மாட்டிக்கொண்டுதான் வராமல் இருக்கும். டிரம் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தால் அவற்றில் சரியான போல்ட்டை, பெரும்பாலும் எட்டு மி.மீ., மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். விளிம்பில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். இத்தனைக்கும் அசையவில்லை என்றால் டிரம்மை இழுத்துக் கழற்றும் புல்லர் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் கன்னும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள், மூக்கில் மாஸ்க் இருக்கட்டும்.

ஷூ. கழற்றும் முன் போனில் நான்கு கோணத்தில் படம் எடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். மறுபக்கம்தான் உங்களுக்கு மாதிரி. ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டிரம்மின் மேல் அதிகபட்ச விட்டம் வார்த்திருக்கும். லேத் பட்டறையில் அளந்து, அதைத் தாண்டியிருந்தால் டிரம்மையும் மாற்ற வேண்டும்.

சிலிண்டர். குழாயைக் கழற்றியதும் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. டிரம்மைக் கழற்றும் முன்பே பெடலை ஓர் அங்குலம் போல அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் டப்பாவிலிருந்து வரும் வழி அடைபட்டுவிடும், ஒழுகுவது பெரும்பாலும் நின்றுவிடும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். முட்டுக் கொடுத்தபின் அந்தச் சக்கரத்தின் நிப்பிளை ஒருமுறை திறந்து மூடி அழுத்தத்தை விடுங்கள், இல்லாவிட்டால் ஷூ பிடித்துக்கொண்டு டிரம் கழலாது. பெடல் அதற்கு மேல் அசையக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

வரிசை முக்கியம். பேக் பிளேட்டில் சிலிண்டர் போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே குழாய் நட்டை இளக்கிக் கழற்றுங்கள். பிறகு போல்ட் இரண்டையும் எடுங்கள். புதிதைப் போடும்போது இதற்கு நேர் எதிர்: சிலிண்டர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே குழாய் நட்டை வெறும் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றிவிட்டு, அதன்பின் போல்ட்டை இறுக்குங்கள். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் குழாய் கோணலாக வரும், மரை குறுக்கே ஏறும், புதுச் சிலிண்டர் அந்த இடத்திலேயே வீண். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். ஆயிலை நிறுத்துவது குழாயின் விரிந்த முனை, மரை அல்ல.

பேக் பிளேட்டில் ஷூ உரசும் ஆறு மேடுகளிலும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லத் தடவுங்கள், லைனிங்கில் படாமல். சில வண்டிகளில் மேடுகளின் எண்ணிக்கை மாறும். தேய்ந்து பளபளக்கும் இடங்கள்தான் கணக்கு. ஷூ, ஸ்பிரிங் எல்லாம் படத்தில் இருந்தபடி போட்டு, டிரம்மை ஏற்றி, சுற்றினால் லேசாக உரசுகிற அளவுக்கு அட்ஜஸ்டரை வையுங்கள். இப்போதுதான் பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்க வேண்டும்.

## ஏர் எடுப்பது, அதில் வரும் சிக்கல்கள்

ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். ஹோஸின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மிதிக்கச் சொல்லுங்கள், நிப்பிளைத் திறங்கள், பெடல் இறங்கியதும் நிப்பிளை மூடுங்கள், அதன் பிறகே காலை எடுக்கச் சொல்லுங்கள். குமிழி நிற்கும் வரை இப்படியே. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். டப்பா காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் செய்வதென்றால் கையேட்டில் உள்ள வரிசையில் போங்கள்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள், அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு சீல் வருடக்கணக்கில் போயிருக்காது, அங்கே துரு படிந்திருக்கும். ஒரே ஒரு முழு மிதி அந்தச் சீலைக் கிழித்துவிடலாம். பின் சிலிண்டர் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டர் போனது என்று சொல்லப்படும் பல கதைகளுக்குக் காரணம் இதுதான்.

ஆயில் வரவே இல்லை: நிப்பிள் துளையில் துரு அடைத்திருக்கும் (மறுபக்கப் பழைய சிலிண்டரில்), அல்லது பெடலுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கவில்லை.

குமிழி நிற்கவே இல்லை: நிப்பிளை அதிகம் திறந்ததால் அதன் மரை வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கால் சுற்று திறந்தால் போதும்.

காற்று இல்லை, பெடல் மட்டும் ஆழம்: அட்ஜஸ்டர் தளர்வாக இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஆயிலை வீணாக்காதீர்கள்.

வேன், ஜீப் வகையில் பின்னால் ஆயில் மிகக் குறைவாக வருகிறது: சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு சில வண்டிகளில் ஆக்சிலோடு இணைந்திருக்கும். சக்கரம் தொங்கினால் வண்டியில் பாரம் இல்லை என்று அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து வண்டியின் பாரத்தை ஏற்றி மறுபடி எடுங்கள்.

இதற்குப் பிறகும் பெடல் மென்மையாகவே இருந்தால், அல்லது ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

நிப்பிளை மூடும்போது மிதமான பலம் போதும். அது உள்ளே துளையுள்ள சின்ன ஆணி, இறுக்கினால் ஒடியும். சிந்திய ஆயிலைப் பெயின்ட்டிலிருந்து உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடிந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

## தெருவில் இறக்கும் முன்

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்போதே இன்னொருவர் இரண்டு பின் சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்து, குழாய் நட்டையும் நிப்பிளையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பார்க்கட்டும். டிஷ்யூவில் ஈரம் இருந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி சோதியுங்கள். அப்போதும் கசிந்தால் குழாயின் முனை கெட்டிருக்கிறது, குழாயை மாற்ற வேண்டும்.

வீல் நட்டைக் குறுக்குக் குறுக்காக, வண்டி தரையில் நின்ற பிறகு கடைசியாக இறுக்குங்கள். ஆளில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் சில முறை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு முப்பது கிலோமீட்டர் வேகத்தில். புது ஷூ டிரம்மோடு பழகும் வரை பிடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். டப்பாவில் மாஸ்கிங் டேப்பின் மேல் புதுக் கோடு போடுங்கள். மறுநாள் காலை ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். கோடு அப்படியே இருந்தால் டேப்பை உரித்துவிடலாம்.